மூச்சைப் பிடிக்காத கட்டி

படத்தில் மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது. நடு நெஞ்சில் இருந்த கட்டி மட்டும் கலங்கியிருந்தது.

எத்தனையோ வருடமாக ஸ்கேன் எடுக்கிறவளுக்கு இது தெரியாத சங்கதியா? படுத்திருப்பவர் மூச்சு விட்டால் படம் கலங்கும். ஆனால் கலங்கினால் விலா எலும்பு, நுரையீரல் எல்லாம் சேர்ந்தல்லவா கலங்க வேண்டும்? இங்கே நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்கூடக் கோடு போட்ட மாதிரி நிற்க, மூச்சுக்குழாயை ஒட்டியிருந்த முட்டை அளவுக் கட்டி மட்டும் அசைந்திருந்தது. வேறு யாராவது என்றால் படம் சரியில்லை என்று தள்ளிவிட்டிருப்பாள். உள்ளே படுத்திருந்தது அவள் கணவன்.

மாடியிலிருந்து டாக்டர் போன் செய்தார்.

"கேன்சர் இல்லம்மா, அதுல சந்தேகமே வேண்டாம். போன மாசம் பார்த்த அதே நீர்க்கட்டிதான். வளந்திருக்கான்னு அளக்கணும், ஓரமே தெரியல. உங்க வீட்டுக்காரர் மூச்சு விட்டுட்டார் போல. இன்னொரு தடவை எடுத்துடுங்க."

கேன்சர் இல்லை என்ற ஒரு வார்த்தைக்காகப் போன மாதம் அவள் வேண்டாத தெய்வமில்லை. இன்று அதே வார்த்தையைக் கேட்டும் அவள் கண் படத்தை விட்டு நகரவில்லை. அது இல்லையென்றால் இது என்ன?

ஸ்கேன் அறைக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவிலிருந்த கண்ணாடி வழியே அவனைப் பார்த்து மைக்கை அழுத்தினாள். "ஏங்க, இன்னொரு தடவை. மூச்சை நல்லாப் பிடிச்சுக்கணும்."

"உன் முன்னாடி மூச்சு விடாம இருக்கறது எனக்கென்ன புதுசா, டீச்சர்?" என்றது ஸ்பீக்கர். அதட்டுகிறவள் என்பதால் வீட்டிலும் அவள் டீச்சர்தான்.

பொத்தானைத் தட்டினாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று இயந்திரம் அவள் குரலிலேயே சொன்னது. இயந்திரத்தோடு வந்த குரல் யாருக்கும் புரியவில்லை என்று அவளையே பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "இப்ப விடுங்க" என்று கேட்கும்வரை அவளாலும் விட முடியாது. "ஒருநாள் மிஷின் ரிப்பேரானா நீங்க போய்ச் சேந்துடுவீங்க மேடம்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

மேசை உள்ளே நகர்ந்தது. வளையம் சுழலும் இரைச்சலுக்கும், ஏசியின் குளிருக்கும், மூக்கில் ஏறிய ஸ்பிரிட் வாசனைக்கும் நடுவே, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், சளி பிடித்த குழந்தை தூங்குகிற மாதிரி, ஈரமாக, சன்னமாக, யாரோ மூச்சு விடும் சத்தம் ஸ்பீக்கர் வழியே வந்தது.

"இப்ப விடுங்க."

அவள் விட்டாள். அவன் விட்டான். படம் வந்தது. மறுபடியும் அது மட்டும் கலங்கியிருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருந்தது.

கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நடுவுல மூச்சு விட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. உனக்குத் தூக்கத்துலகூட இதே நினைப்புதான். நேத்து ராத்திரி காதுகிட்டயே வந்து, மூச்சை இழுத்துப் பிடிங்க, மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு..."

நிறுத்தினான். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து நீ நைட் டூட்டில இருந்தே, இல்ல?"

இவனை எழுப்பி, இந்த அறையை விட்டு, நாலு பேர் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இவன் பிழைக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

"எழுந்திருங்க. டாக்டர்கிட்ட போலாம்."

"இரு. நெஞ்சுக்குள்ள என்னமோ..."

அவன் நெஞ்சில் கையை வைத்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

அவள் குரல்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி காலியாக இருந்தது. அவன் உதடுகளும் மூடித்தான் இருந்தன. குரல் அவள் கைக்கு அடியிலிருந்து வந்தது.

அவன் பிடித்துக்கொண்டான்.

அவளும்.

காத்திருந்தார்கள். விடச் சொல்லவில்லை.

அவன் கண்கள் அவளையே பார்த்தன. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. விடுங்க என்று கத்த நினைத்தாள். கத்துவதற்கு மூச்சு வேண்டும். பொத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கால் நகரவில்லை. வெளியே போன் அடித்தது. டாக்டராக இருக்கும். அடித்து ஓய்ந்தது.

அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கியது. பிறகு தளர்ந்தது.

விலா எலும்புகள் அசையவில்லை. அவள் உள்ளங்கைக்குக் கீழே, நடு நெஞ்சில், சின்னதாக ஒன்று மட்டும் அவசரமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.