காளையின் மஞ்சள் வண்டி

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போகிற ஒரு மண்பாதையில், தகரக் கொட்டகைக்குள் நின்றிருந்தது அந்தப் பழைய பிக்கப் வண்டி. இரண்டாயிரத்து நான்காம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகைக்குள் நுழைந்த பாலமுரளி அரைமணி நேரம் வெளியே வரவில்லை. சக்கரத்தைத் தடவினான், பானெட்டைத் தூக்கினான், அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. துரு தின்றதுபோக மிச்சம் கெட்டியாகத்தான் இருந்தது. நிறம்தான் சகிக்கவில்லை. சுவருக்கு அடிக்கிற நீலத்தை யாரோ துணியில் தொட்டுத் தொட்டு அப்பியிருந்தார்கள்.

"நாந்தான் அடிச்சேன்," என்றாள் ஒச்சாயி. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த காளையின் மனைவி. காளை போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. "டயரு, இஞ்சினு, எத வேணும்னாலும் மாத்திக்கங்க தம்பி. நெறத்த மட்டும் மாத்திறாதீக."

"சரிம்மா," என்றான் பாலமுரளி. அந்தச் சரி வாயோடு சரி.

கயிறு கட்டி இழுக்கும் முன்னால் ஒச்சாயி வண்டியின் பின்கதவைத் திறந்தாள். ஒன்றுமே இல்லாத பலகையைப் பார்த்து, "எல்லாரும் எறங்கிட்டீகளா? இந்த வண்டி இனிமே போகாது," என்றாள். கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். பிறகு கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

பாலமுரளி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

திருநகரில் அவன் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு ஷெட் உண்டு. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் போய்விடுவான். அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கை பரபரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏற்கெனவே வீட்டிலிருந்த ரேடியோ, மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியாயிற்று. அதற்கப்புறம்தான் இந்த வண்டி.

இது இரண்டு வருஷத்து நோய். முதல் குழந்தை பெரியாஸ்பத்திரியில் பிறந்தது. பெண். மூன்றே நாள் இருந்தது. பெயர் வைக்கிற நாள் வரை தங்கவில்லை. மனைவி இந்துப்ரியாவின் சித்தப்பா அதை ஒரு துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு அங்கிருந்தே நேராக இடுகாட்டுக்குப் போய்விட்டார். "பச்சப் பிள்ளைய வீட்டுக்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது," என்றார்கள். பாலமுரளி ஆஸ்பத்திரிப் பின்வாசல் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. பின்னால் போகவுமில்லை. அந்தப் பாவி மனது அன்றிலிருந்து அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறது.

இப்போது இந்துவுக்கு ஏழாம் மாதம்.

"இந்தப் பிள்ளை வீட்டுக்கு வரணும் இந்து. நம்ம வண்டியிலயே கூட்டிட்டு வரணும்."

"மொதல்ல அது நல்லபடியா வரட்டும். வண்டிய அப்புறம் பாக்கலாம்," என்றாள் இந்து. வயிற்றின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவேயில்லை.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவனிடம் நிறத்தை மாற்றாதே என்று சொல்வது வீண். அசலாக என்ன நிறமோ அதைத் தோண்டி எடுக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. சித்திரை வெயிலில் பாலமுரளி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். நீலம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் நல்ல கடுகு மஞ்சள் தெரிந்தது. கதவின் ஓரத்தில் காசளவு இடத்தில் அது பளபளத்தபோது அவனுக்கு விசில் அடிக்கத் தோன்றியது. "அடடா, இதையா மூடி வச்சிருந்துச்சு அந்தம்மா!"

அதே மஞ்சளைக் கலக்கி அடித்தான். இரண்டு மாதத்தில் வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது.

வைகாசி கடைசியில் பையன் பிறந்தான். அதே பெரியாஸ்பத்திரி, கொஞ்சம் சிக்கலான பிரசவம், அங்கேதான் வசதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாயும் பிள்ளையும் நலம். ஏழாம் நாள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றதும் பாலமுரளி மஞ்சள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். முன்வாசலில் நெரிசல். பின்வாசல் பக்கம் வேப்பமர நிழல் இருந்தது, அங்கே நிறுத்தினான். பக்கத்தில் இருந்த சாம்பல் நிறக் கட்டடம் எது என்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்துவையும், பிள்ளையைக் கையில் ஏந்திய மாமியார் சாரதாம்பாளையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது உச்சிப்பொழுது.

வண்டியின் பின்பக்கம் தரையை ஒட்டி அமுங்கியிருந்தது.

நெல்மூட்டை ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை எப்படி வளையுமோ அப்படி வளைந்திருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தான். வெறும் பலகை. வெயிலில் காய்ந்த வெறும் பலகையிலிருந்து பினாயிலும் வாடின ரோஜா மாலையும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை வந்தது.

மரத்தடி ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோக்காரன் மெதுவாக நடந்து வந்தான். மலைச்சாமி என்று சட்டைப்பையில் பெயர் தைத்திருந்தது. வண்டியைச் சுற்றி வந்தவன் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே, இது காளை அண்ணன் வண்டியில்ல? நீலம் அடிச்சு மூடிட்டாகன்னு சொன்னாகளே?"

"ஏன், என்ன?"

"இந்தப் பொணவற வாசல்லதான்ணே நிக்கும். வண்டிக்கு வழியில்லாதவுக பொணத்தையெல்லாம் அவருதான் ஊரு கொண்டுபோயிச் சேப்பாரு." குரலைத் தாழ்த்தினான். "அண்ணியையும் புள்ளையையும் என் ஆட்டோவுல ஏத்துங்க. எதுவும் கேக்காதீக. மொதல்ல ஏத்துங்க."

பாலமுரளி கேட்கவில்லை. அமுங்கிய அந்தப் பட்டையைப் பார்த்தபிறகு கேட்க என்ன இருக்கிறது? "என்னங்க, நம்ம வண்டியிலதானே போகணும்னு சொன்னீங்க?" என்று இந்து தயங்கினாள். "பிரேக்ல கோளாறு. நீ போ, பின்னாடியே வாரேன்," என்று பொய் சொன்னான். ஆட்டோ திரும்பி மறைந்தபிறகு தனியாக ஏறி உட்கார்ந்தான்.

சாவியைத் திருப்பினான்.

தலைக்கு மேலே, கூரையில், யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

பின்னால் ஏறி நிற்கிற ஆட்கள் 'போகலாம், ரைட்' என்பதற்குத் தட்டுகிற தட்டு.

திருநகருக்குப் போகக் கூடாது. அது மட்டும்தான் அவன் புத்தியில் நின்றது. இந்தப் பாரத்தோடு பிள்ளை இருக்கிற வீட்டுவாசலில் போய் நிற்கக் கூடாது. வண்டியை மேற்கே விட்டான். காளவாசல் சிக்னலில் நின்றபோது பின்னால் ஒரு கிழவரின் இருமல் கேட்டது. யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடியில் சாலைதான் தெரிந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நாகமலைக் கொட்டகை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஒச்சாயி ஓடி வந்தாள். மஞ்சளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே தம்பி! நெறத்த மாத்தாதீகன்னு சொன்னேனே!"

"மன்னிச்சிருங்கம்மா. என்னன்னு சொல்லியிருந்தா..."

"சொன்னா நம்பியிருப்பீகளாக்கும்? அந்த மனுசன், செத்தவுக பேரச் சொல்லி 'வீடு வந்துருச்சு, எறங்குங்க'ன்னு சொல்லாம பொணத்துல ஒரு ஆளக் கைய வைக்க விடமாட்டாரு. மஞ்ச வண்டி வந்தா வீட்டுக்குப் போயிறலாம்னு செத்தவுகளுக்கே பழகிப்போச்சு. அவரு போனபெறகும் வண்டியப் பாத்தா ஏறி உக்காந்துக்கிறாக. அதான் நீலத்த அப்பி மறைச்சேன்."

அவள் பின்கதவைத் திறந்து பலகையில் காதை வைத்தாள்.

"கேளுங்க தம்பி, பேசாதீக." கண்ணை மூடிக்கொண்டாள். "யாரு... மொக்கைச்சாமியா? எறங்குங்கய்யா. உங்க ஊரு பக்கந்தான், நடந்துருங்க." வண்டி கிறீச்சென்று ஒரு விரற்கடை உயர்ந்தது. "முத்துத்தாயா? எறங்குத்தா. அழுகாத, வந்தாச்சு." இன்னொரு கிறீச். "சுடலை... எறங்குப்பா."

ஒவ்வொரு பெயருக்கும் வண்டி நிமிர்ந்தது. பினாயில் வாடை குறைந்தது. மாலை வாடை போனது. பாலமுரளிக்கு மூச்சு திரும்பி வந்தது.

ஆனால் இடதுமூலை மட்டும் சற்றே தாழ்ந்து நின்றது. ஒரு கைப்பிடி அளவுக்குத்தான்.

ஒச்சாயி மறுபடி காதை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"ஒண்ணு மிச்சமிருக்கு. பேரு சொல்ல மாட்டேங்குது. பேச்சு வராத வயசு தம்பி."

பலகையிலிருந்து பால் வாடை வந்தது.

 பாலமுரளி அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷம். அந்த வாசலிலேயே இரண்டு வருஷமாகக் கிடந்திருக்கிறது. வீடு எது என்றே அதற்குத் தெரியாது.

ஒச்சாயிக்குப் புரிந்துவிட்டது. அவன் பக்கத்தில் குந்தினாள். "வீட்டுல இப்ப வேற புள்ள இருக்கா?"

தலையாட்டினான்.

"அப்ப கூட்டிட்டுப் போகாதீக. ஒரு பேரச் சொல்லி இங்கயே எறக்கி விடுங்க, நான் பாத்துக்கிறேன். ஒரு மடிதான தம்பி இருக்கு? ரெண்டுக்கும் எப்பிடிப் பத்தும்? பேரு ஏதாச்சும் நெனச்சு வச்சிருந்தீகளா?"

வைத்திருந்தார்கள். அவனும் இந்துவும் மட்டும், யாருக்கும் சொல்லாமல், ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது அவன் தொண்டை வரை வந்தது. இந்தக் கொட்டகையில், யாரென்றே தெரியாத இடத்தில், இன்னொரு முறை விட்டுவிட்டுப் போவதா? வேப்பமரத்தடியில் நின்ற மாதிரி மறுபடியும் பார்த்துக்கொண்டு நிற்பதா?

"இல்லம்மா," என்றான். "பேரு வைக்கல."

ஒச்சாயி அவனையே பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. வண்டி கிளம்பும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருநகர் வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். பாலமுரளி வழியெல்லாம் பள்ளம் மேடு பார்த்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிறவன்போல ஓட்டிவந்தான். வண்டியைப் பின்பக்கமாக வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். சத்தம் கேட்டு இந்து படிக்கு வந்தாள். தோளில் பையன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"எங்க போனீங்க இம்புட்டு நேரம்? அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, தனியா உக்காந்திருக்கேன்."

பாலமுரளி இறங்கிப் பின்னால் போனான். பின்கதவைத் திறந்தான். காதோடு சொல்கிற மாதிரி சொன்னான்.

"ஸ்ரீவர்ஷினி. வீடு வந்துருச்சு. இறங்கும்மா."

இடதுமூலை மெல்ல நிமிர்ந்தது.

"என்ன சொன்னீங்க? யாரக் கூப்பிட்டீங்க?" இந்துவின் குரல் நடுங்கியது.

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அழுகை கேட்டது.

மூன்று நாள் பிள்ளையின் அழுகை. மெலிந்து, விட்டுவிட்டு வந்தது.

இந்து தன் தோளில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது. அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் ஈரமாகப் படர்ந்தது. பால். அவள் பயப்படவில்லை, அதுதான் பாலமுரளியை உறையவைத்தது. அவள் முகத்தில் இரண்டு வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது. தூங்குகிற பையனை அவன் கையில் திணித்தாள்.

"வாரேன்டி கண்ணு. அம்மா வாரேன், அழுகாத."

உள்ளே ஓடினாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது. அழுகை நின்றது.

"இந்து," என்று கூப்பிட்டான். கதவைத் தள்ளினான். தட்டினான். உள்ளே அவள் மெல்லிய குரலில் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

பாலமுரளியின் கையில் பையன் விழித்துக்கொண்டான். முதலில் சிணுங்கினான், அப்புறம் பசியில் வீரிட்டு அழ ஆரம்பித்தான். தெருவே கேட்கிற அழுகை.

இந்து வெளியே வரவில்லை.