கொடியில் ஒரு சிவப்புத் துண்டு

வாடகைக்கு வந்து தங்கியவர்களின் கார் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு மாடிக் கொடியில் கிடந்த சிவப்புத் துண்டு, இப்போதுதான் யாரோ குளித்துவிட்டுப் போட்டதுபோல் சொட்டிக்கொண்டிருந்தது.

குத்துக்கல்வலசையில் அந்த வீட்டை அருவிச் சீசனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ஆனந்தவள்ளி அக்கா கோவைக்குப் போனதிலிருந்து வேல்விழிக்கு நிம்மதியே இல்லை. அருவிக்கு வருகிறவர்கள் எண்ணெய் மினுங்கும் உடம்போடு வந்து கூத்தடித்துவிட்டுப் போவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், யாருக்குத் தெரியும்? கணவன் பட்டாளத்தில். வீட்டில் அவளும் சின்ன மகள் மதியும்தான். மதி காய்ச்சலில் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள்.

தன் மாடியில் நின்றபடியே, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியராஜுக்குப் போன் போட்டாள்.

“எல்லாரும் போயிட்டாவம்மா. பூட்டு நம்பரக்கூட மாத்திட்டேன்.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, அந்த வீட்டுக் குளியலறையில் வாளித் தண்ணீரை மெதுவாக, நிதானமாக, ஒருவர் உச்சந்தலையில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மசாஜ் எண்ணெய் வாடையும் பாசி வாடையும் சாரலோடு கலந்து வந்தன. சத்தம் நின்றது.

அக்காவைப் போனில் அழைத்துச் சொன்னாள்.

“சீசன் நேரம்லா, எவனாவது தங்கியிருப்பான். ஏட்டி, ஒன் வீட்டு மாத்துச் சாவிய எடுத்துட்டியா? அடுப்படி ஆணியிலதான தொங்குச்சு.”

ஊருக்குப் போகும்போது ஒருவருக்கொருவர் சாவி கொடுத்து வைத்துப் பழகிய வீடுகள். அக்காவின் சாவியை ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்த வேல்விழி, தன்னுடையதைக் கேட்டு வாங்க மறந்திருந்தாள்.

இறங்கி ஓடினாள். மகள் தூங்குகிறாளே என்று வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஆணி தெரிந்தது. சாவி இல்லை. தரையில் எண்ணெயும் தண்ணீருமாகக் காலடித் தடங்கள். அந்த வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்தது.

திரும்பி ஓடினாள். சாவியை நுழைத்தாள். போகவில்லை.

உள்ளே இன்னொரு சாவி செருகியிருந்தது.

“மதி.”

ஜன்னல் பக்கம் வந்தாள்.

கட்டிலில் மதி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருட்டு. இருட்டிலிருந்து நீண்ட ஒரு கை, சொட்டச் சொட்ட, அவள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது.

மதி கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, நீ வெளியவா நிக்க?”

கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.