உலராத கல்

இரவு முழுவதும் ஓவனில் காய்ந்த கல் மறுபடியும் நனைந்திருந்தது.

அனுஷியா அதைத் தட்டோடு வெளியே இழுத்தாள். கறுப்பும் துருச்சிவப்புமாக, முழங்கை நீளத்தில், உள்ளே துளை துளையாக இருந்தது அந்தத் துண்டு. இந்து சமுத்திரத்தின் அடியில், சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்தில், பூமியின் வெடிப்பிலிருந்து கொதிநீர் பீறிட்டுக்கொண்டே இருக்கிற இடங்கள் உண்டு. அந்த நீரில் கரைந்து வருகிற இரும்பும் செம்பும் கந்தகமும் படிந்து படிந்து புகைபோக்கிபோல உயரும். அப்படியொரு புகைபோக்கியின் நுனிதான் இது. வெளிநாட்டு ஆய்வுக் கப்பலொன்று இயந்திரக் கையால் ஒடித்தெடுத்ததை, மலைகளுக்கு நடுவே கண்டியில் கிடக்கும் இந்த ஆய்வுகூடத்துக்கு இரவல் வாங்க அவள் படாத பாடு பட்டிருந்தாள். வாரக் கடைசியில் திருப்பி அனுப்ப வேண்டும். காய்ந்த நிறை தெரியாமல் கல்லை அறுக்க முடியாது. அறுக்காமல் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாமல் பட்டமும் இல்லை.

"ரிஸ்மி நானா, இதுல தண்ணி பட்டுச்சா?"

அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று அழைக்கும் ஆய்வுகூட உதவியாளர் ரிஸ்மி கதவடியில் குடையை உதறிக்கொண்டிருந்தார். திகனயிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் இப்பதானே வாரன் மிஸ். ஓவன் கதவ தொறக்கவே இல்ல."

"தினமும் இதத்தான் சொல்றீங்க. அப்ப தண்ணி எங்கேருந்து வருது?"

அவர் துடைப்பத்தை எடுத்தார். அனுஷியா தட்டில் தேங்கியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. அதைவிட அவளை எரிச்சல்படுத்தியது சூடு. விடியற்காலையிலேயே கரண்ட் போய்வந்ததில் அணைந்துவிட்ட ஓவனின் இரும்புச் சுவர் ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. கல் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றிபோலக் கொதித்தது.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு அழைப்பெடுத்தாள். மூன்றாம் முறைதான் எடுத்தார்.

"மழைக்காலம்தானே பிள்ளை, ஈரம் ஏறும். ஓவனை வடிவாப் பூட்டினனீரோ?"

"பூட்டினேன் சேர். இது ஈரம் இல்ல, உப்புத் தண்ணி. கல்லு சூடா..."

"எனக்கு இப்ப மீட்டிங். சாட்டுச் சொல்லாமச் செய்து முடிக்கப் பாரும்."

அவள் கைப்பேசியை மேசையில் எறிந்தாள். வெளியே ஹந்தானை மலை மழைக்குள் மறைந்துபோயிருந்தது. அறையில் அழுகின முட்டை வாடை. ஒரு வாரமாக இதே நாற்றம். குழாய் வேலைக்காரர் வந்து சாக்கடையைக் கிண்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று போய்விட்டார். பக்கத்து அறைக்காரர்கள் அவளைப் பார்த்தால் மூக்கைப் பொத்துகிறார்கள். ஒரு கல்லைக் காயவைக்கத் தெரியாதவள் என்று கட்டடம் முழுவதும் பேச்சு.

"நிறையும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஈரத்தோடயே அறுத்துருங்க நானா," என்றாள்.

அறுக்கும் இயந்திரம் நிலவறையில் இருந்தது. படிகள் செங்குத்து, மழைக்கு வழுக்கும். கைப்பிடியைப் பிடித்து இறங்குவதற்காக ரிஸ்மி கல்லைத் துணிப்பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார். கதவைத் தாண்டும் முன்பே அவர் சட்டையின் பின்புறம் நனைந்து ஒட்டியது.

"நல்லாச் சூடாரிக்கி மிஸ்," என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

சற்று நேரத்தில் தரைக்கடியிலிருந்து இயந்திரத்தின் கீச்சொலி எழுந்தது. கல்லில் வாள் ஏறுகிற அந்தச் சத்தம் எப்போதும் அவள் பல்லைக் கூசவைக்கும். இன்று அது ஆறுதலாக இருந்தது. ஒரு வேலையாவது நடக்கிறது. அவள் ஆறிய தேநீரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கீச்சொலி மெல்லத் தடித்தது, குழைந்தது, பெரிய அண்டாவில் நீர் தளதளக்கிற ஓசையாக மாறியது. பிறகு அதுவும் நின்றது.

ரிஸ்மி மேலே வரவில்லை. அழைப்பெடுத்தாள், கீழே மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வாளை உடைத்துவிட்டாரா? கல்லையே உடைத்துவிட்டாரா? எல்லாவற்றையும் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும். முணுமுணுத்தபடி படியிறங்கினாள்.

இறங்க இறங்கக் காற்று சூடேறியது. சுவர்களில் வெந்நீர் வழிந்தது. கைப்பிடியில் உப்புப் பூத்திருந்தது. காது அடைத்தது, ஆழத் தண்ணீரில் மூழ்கினாற்போல.

நிலவறையில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ரிஸ்மி மூலையில், சுவரைப் பார்த்து நின்றார்.

"நானா, போன எடுக்க மாட்டீங்களா? கல்லு எங்க?"

அவர் திரும்பவில்லை. கல் நடுமேசையில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவர் முகத்தைப் பார்க்க அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார். முதுகு அவளை நோக்கியபடியே. வலப்பக்கம் போனாள். முதுகும் வந்தது.

"விளையாடாதீங்க."

"மிஸ்." குரல் சுவர்ப் பக்கமிருந்து வந்தது. "ஏன் இவ்வளவு இருட்டாரிக்கி?"

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"நீங்க மட்டுந்தான் தெரியிறீங்க மிஸ்."

ஈரச் சட்டைக்கு அடியில், தோள்பட்டைகளுக்கு நடுவே, இரண்டு வெளிறிய திட்டுகள். வழவழப்பாக. இமையில்லாமல்.

அவளுக்குத் தெரியும். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அந்தப் புகைபோக்கிகளில் மொய்க்கும் இறால்களுக்குத் தலையில் கண் இல்லை. முதுகில் இரண்டு திட்டுகள். கொதிநீரின் மங்கல் ஒளியை அவை அந்தத் திட்டுகளால்தான் பார்க்கின்றன. ஆய்வேட்டில் அவளே எழுதியிருந்தாள்.

ரிஸ்மி பின்பக்கமாக ஓரடி வைத்தார். அவளை நோக்கி.

அவள் பின்வாங்கினாள். இன்னும் ஓரடி. மேசை இடித்தது. நிலை தடுமாறிக் கல்லின் மேலேயே சாய்ந்தாள். சூடான நீர் சட்டைக்குள் இறங்கியது. கழுத்து. தோள். முதுகெலும்பு நெடுக. எரியவில்லை. இதமாக இருந்தது.

உதறிக்கொண்டு எழுந்தாள்.

கரண்ட் போனது.

இருட்டு. கையை முகத்துக்கு நேரே பிடித்தாள். கை இல்லை. கண்ணைக் கசக்கினாள். ஒன்றுமில்லை. ஈரக் காலடி மட்டும் முன்னாலிருந்து கேட்டது.

பிறகு கல் தெரிந்தது. அறுபட்ட முகம். துளைகள். ஒவ்வொரு துளையிலும் தணல் சிவப்பு. தெளிவாக, வெகு தெளிவாக.

கல் அவளுக்குப் பின்னால் இருந்தது. அவள் தலையைத் திருப்பவே இல்லை.

காலடி நின்றது. மிகப் பக்கத்தில். ரிஸ்மி எங்கே நிற்கிறார் என்று பார்க்க, அனுஷியா மெல்ல, மிக மெல்ல, தன் முதுகை அவர் பக்கம் திருப்பினாள்.