இரண்டாம் முறை அழுத்தாத பொத்தான்

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அது சிமிட்டக் கூடாது. நிலையாக எரிய வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசம் கிரிஸின் கண்ணில் பட்டது ஞாயிறு மாலைக் கச்சேரி முடிந்து, தேவாலயப் பங்கு மண்டபத்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகுதான்.

அந்தக் கையடக்கப் பெட்டியில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் தயார்நிலை. மைக்கில் விழுவதெல்லாம் ஹெட்ஃபோனில் கேட்கும், ஆனால் ஒன்றும் பதிவாகாது. இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதிவு. எத்தனையோ பேண்டுகளைப் பதிவு செய்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஸ்டாண்டு வாங்க வக்கில்லாமல் ஒட்டடைக் கொம்பில் மைக்கைக் கட்டி, அது சாயாமல் பிடிக்கிற அவசரத்தில், ஒருமுறை மட்டும் அழுத்திவிட்டு மேடையைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டான். காதில் எல்லாம் கணீரென்று கேட்டதால் சந்தேகமே வரவில்லை.

வேறு பேண்டு என்றால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். பாடிய மோலி அக்காவுக்கு மறுநாள் காலை தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்புமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. டிரம்ஸ் வாசித்த அவர் கணவர் மதலைமுத்து, கிளம்பும்போது கிரிஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா வந்துச்சா ப்பா?”

“சூப்பரா வந்திருக்கு, முத்தண்ணா.”

“அது போதும். அவ குரல் போனாலும் உன்கிட்ட இருக்கு.”

அந்தக் கையை உதறவும் முடியாமல், முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நின்றான் கிரிஸ். பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான். பிளக்கவில்லை. அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தான். ஒத்திகையில் அக்கா தொண்டையை அடக்கிப் பாடியது ஒன்று மெமரி கார்டில் இருந்தது. அதோடு வேறொரு கச்சேரியின் கைதட்டலை ஒட்டிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

திங்கள் மத்தியானம் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்தான். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்த அறை அது. மழை ஈரம் ஏறிய கம்பளிகளின் வாடை மூக்கில் அப்ப, தெருவில் கீரை வண்டிக்காரர் கன்னடத்தில் “சொப்பு, சொப்பு” என்று கூவிப்போனது சுவருக்குள் அமுங்கித் தேய, மின்விசிறி மட்டும் தலைக்குமேல் முனகிக்கொண்டே சுற்றியது. ஒத்திகைப் பாட்டைத் தொடக் கை வரவில்லை. செய்த மடத்தனத்தைத் தானே செய்துபார்ப்பவன்போல ரெக்கார்டரின் பொத்தானை ஒருமுறை அழுத்தினான். விளக்கு சிமிட்டியது.

ஹெட்ஃபோனில் மின்விசிறி கேட்டது. அதற்குப் பின்னால், மெல்ல, மோலி அக்கா பாடுவது கேட்டது.

கழற்றினான். மின்விசிறி மட்டும். மாட்டினான். பாடினார்.

மெமரி கார்டைப் பிடுங்கிப் பார்த்தான். பாட்டு நிற்கவில்லை. அப்படியானால் மைக் அதை இந்த அறையிலிருந்துதான் எடுக்கிறது. குரல் முதலில் இடது காதில், ஜன்னல் பக்கமாக இருந்தது. பிறகு வலது காதில், பீரோ ஓரமாக. பிறகு இரண்டு காதிலும். மைக்குக்கு நேர் எதிரே. ஒரு சாண் தூரத்தில். அங்கே யாரும் இல்லை.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். ஆனால் பயத்தைவிட வெட்கம் பொல்லாதது. நேற்று விட்டது இன்று கைக்கு வருகிறதே, இனி யார் முகத்திலும் முழிக்கலாமே என்றுதான் அந்த நேரத்திலும் அவன் புத்தி போனது. கார்டைத் திரும்பச் செருகி, இரண்டாம் முறை அழுத்தினான். விளக்கு நிலைத்தது.

போன் அடித்தது. மதலைமுத்து. ஒரு காதில் ஹெட்ஃபோனை விலக்கிப் போனை வைத்தான்.

“ஆபரேஷன் ஆயித்து ப்பா. முழிச்சுட்டா. இவ்வளவு நேரம் லேசா முனகிட்டு இருந்தா, இப்ப சட்டுன்னு நின்னுபோச்சு. சும்னெ வாயை மட்டும் திறந்து திறந்து மூடுறா. பாடுற மாதிரி.”

“எப்பண்ணா நின்னுச்சு?”

“இப்பதான். உனக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி.”

அவன் இரண்டாம் முறை அழுத்திய அதே நேரம். கிரிஸுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தான். இன்னும் ஒரே சரணம் இருந்தது. அது மட்டும் வந்துவிட்டால் பாட்டின் முடிவாவது கையில் இருக்கும்; பொய் முழுப் பொய்யாக இருக்காது. சீ, என்ன மனுஷன் நான் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே காத்திருந்தான்.

பாட்டு முடிந்தது. முடிந்ததும் யாரும் உடனே நிறுத்துவதில்லை. கடைசி ஒலி அடங்கும்வரை விட்டுவைப்பது பதிவுக்காரர்களின் வழக்கம். பழகிய விரல் நின்றது.

ஒலி அடங்கியது. அடங்கிய இடத்தில் மூச்சு கேட்டது.

உள்ளே. வெளியே.

போனில் ஏதோ தட்டு விழுந்து உருண்டது. ஒரு நர்ஸ் கன்னடத்தில் டாக்டரைக் கூப்பிட்டார். காலடிகள் ஓடின.

“கிரிஸ், அவளுக்கு மூச்சே வரல ப்பா.”

பொத்தானை அழுத்தினால் மூச்சு அவரிடம் திரும்புமா, இங்கேயே அறுந்துவிடுமா? தெரியவில்லை. விரல் அசையவில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். வாயைத் திறந்தான்.

“பாட்டு நல்லா வந்திருக்கு, அண்ணா.”

வலது காதில் மதலைமுத்து அழுதார். இடது காதில் மோலி அக்கா நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.