மைக்க ஆஃப் பண்ணு, தீனா

போன் அலறியது.

மகிழினி எடுத்தாள்.

"மேடம்... செத்துப்போன பையன் உங்க கிளாஸுக்கு வந்துகினு கீறான்."

காலை பத்து மணிக்குக் கேட்கிற பேச்சா இது? அதுவும் நேற்று மாலை கொலை நடந்த அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு!

"யாரும்மா நீங்க?"

"சாபிரா மேடம். ராயபுரம். எம் பொண்ணு ரூஹி உங்க ஆன்லைன் கிளாஸுல பத்தாவது படிக்குது. நேத்து சாய்ந்தரம் கிளாஸுல சார் தீனாவ கூப்ட்டாராம். அந்தப் பையன் செத்து மூணு வாரம் ஆவுது மேடம். நேத்துலேர்ந்து எம் பொண்ணு கைல கீற போன கீழ வெக்க மாட்டேங்குது. சோறு வாணான்னுது. இன்னா பள்ளிக்கூடம் நடத்துறீங்க நீங்க?"

தீனாவை மகிழினிக்குத் தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் வீடு. ராத்திரி பகல் பாராமல் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிற சாலை. சைக்கிளில் கடைக்குப் போன பையன் அந்த லாரிகளில் ஒன்றுக்கு அடியில் போய்விட்டான். சாவு வீட்டில் மாலையோடு போய் நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

"நான் வர்றேன்மா. பொண்ணைப் பயமுறுத்தாதீங்க" என்று போனை வைத்தாள்.

அடுத்த அறையில் என்ன கொலை என்கிறீர்களா? சொல்லிவிடுகிறேன்.

அறிவியல் வாத்தியார் இல்லாத அரசுப் பள்ளிகள் இந்தப் பக்கத்தில் எத்தனை என்று கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அந்தப் பிள்ளைகளுக்கு மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, வீட்டில் உட்கார்ந்தபடியே, போனில் நேரலைப் பாடம். இப்போதைக்குச் சோதனை ஓட்டம். இதை நிரந்தரத் திட்டமாக்க விதிமுறை எழுதுகிற அதிகாரி மகிழினி. அதற்கு ஒப்புதல் தருகிற மேலதிகாரி ஆறுமுகநயினார்.

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு ஆறுமுகநயினார் தன் அறையில் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு கேமரா ஸ்டாண்டு. அதில் இருந்த கைரேகை யாசினுடையது.

யாசின் இந்தத் திட்டத்தின் டெக்னீஷியன். வண்ணாரப்பேட்டைப் பையன். எந்தப் பிள்ளையின் போன் மக்கர் பண்ணினாலும் வீட்டுக்கே போய்ச் சரிசெய்து கொடுப்பவன். "டீ வாங்கப் போய்ட்டு வந்தேன் மேடம், சார் விழுந்து கெடந்தாரு" என்று ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போலீஸ் ஜீப்பில் ஏறினான்.

கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் லட்சுமணன்.

"சாயந்திரம் உங்க பையனை கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம் மேடம். அங்கேர்ந்து நேரா புழல் ஜெயில்."

"அவன் பண்ணல சார்."

"கைரேகை அவனுது. நீங்க கிளம்பின பிறகு மாடியில செத்தவரோட இருந்த ஒரே ஆளும் அவன்தான்."

"தினமும் அந்த ஸ்டாண்டைத் தூக்கி வைக்கிறதே அவன் வேலை. பின்ன யார் ரேகை இருக்கும், உங்களுதா?"

லட்சுமணன் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற யார் மேல சந்தேகம்னு கேட்டேன். பிசிக்ஸ் வாத்தியார் திருமுருகனுக்கும் செத்தவருக்கும் ஒரு வாரமா ஆகலன்னு சொன்னீங்க. விசாரிச்சேன். அந்த நேரத்துல அவர் திருவொற்றியூர்ல அவர் வீட்ல உக்காந்து நாப்பது பசங்களுக்கு லைவ்வா பாடம் எடுத்துட்டிருந்தார். நாப்பது சாட்சி! ஒரு சாட்சி கிடைக்கவே நான் நாயா அலையறவன்."

"ம்..."

"அந்த கிளாஸ் ரெக்கார்டிங் இருக்கா?"

"இல்ல சார். பிள்ளைங்க முகத்தைப் பதிவு பண்ணி வைக்கக் கூடாதுன்னு விதி."

"எந்தப் புண்ணியவான் எழுதின விதி?"

"நான்தான்."

லட்சுமணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

யாசினுக்கு இருப்பது சாயந்திரம் வரைக்கும்தான். மகிழினி ஸ்கூட்டரை எடுத்தாள்.

* * *

சாபிராவின் வீடு ஒரே அறை. மீன் வலை காய்கிற சந்தின் கடைசியில் இருந்தது. உள்ளே சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு ரூஹி உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அதன் திரை அணைந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா மேடம்? காலைலேர்ந்து இப்டியே கீது" என்றாள் சாபிரா.

மகிழினி அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ரூஹி... சார் நேத்து என்னம்மா சொன்னாரு?"

"திருப்புதல் கிளாஸ் மிஸ். ஒளிப் பாடம். நடத்திக்கினே இருந்தாரு. திடீர்னு 'மைக்க ஆஃப் பண்ணு தீனா, லாரி சத்தம் காதக் கிழிக்குது'ன்னாரு."

தீனா உயிரோடு இருந்த வரையில் திருமுருகன் தினமும் சொன்ன வாக்கியம் அது. எத்தனை வகுப்பில் மகிழினியே கேட்டிருக்கிறாள்!

"பழக்கத்துல வாய் தவறி வந்திருக்கும்மா."

ரூஹி தலையை ஆட்டினாள்.

"இல்ல மிஸ். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்பறம் 'ம், இப்ப சரி'ன்னாரு. தீனா ஆஃப் பண்ணாமலா சார் அப்டி சொல்லுவாரு? அவன் வந்தான் மிஸ். நெஜமா வந்தான்."

வெளியே வெயில் கொளுத்தியது. ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... மகிழினியும் நம்பினாள்.

பிறகு மூளை விழித்தது. செத்தவனோடு பேசினால் பேய். அவன் உயிரோடு இருந்தபோது பேசியதைப் பதிவுசெய்து வைத்து இப்போது ஓட்டினால்?

"சார் அப்டி சொன்னதும் நீங்கல்லாம் என்னம்மா பண்ணீங்க?"

ரூஹி அவள் காதோடு சொன்னாள்.

மகிழினி அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். வெளியே வந்து வேறு நான்கைந்து பிள்ளைகளுக்குப் போன் போட்டாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சந்தில் நின்றபடியே அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு லட்சுமணனை அழைத்தாள்.

"சார், கோர்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி திருமுருகன் சாரை என் ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க. நீங்களும் இருங்க. நான் என்ன பேசினாலும் குறுக்க பேசாதீங்க."

* * *

திருமுருகன் இஸ்திரி கலையாத சட்டையில் வந்தார். முகத்தில் துக்கம், வேண்டிய அளவுக்கு. லட்சுமணன் மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மனுஷன் மேடம். இப்படி ஆகணுமா? அந்த யாசினை நான் சொந்தத் தம்பி மாதிரி நினைச்சிருந்தேன்."

"உக்காருங்க சார். உங்க கிளாஸ் பத்தி ஒரு புகார் வந்திருக்கு."

"என் கிளாஸ் மேலயா?"

"நேத்து பாடம் எடுக்கும்போது தீனா பேரைச் சொல்லி மைக்கை ஆஃப் பண்ணச் சொன்னீங்களாம். பேய் வந்துடுச்சுன்னு பசங்க அலறிட்டாங்களாம். பாதிப் பேர் போனைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிட்டாங்களாம். அம்மாக்கள் எல்லாம் சண்டைக்கு வர்றாங்க."

திருமுருகனின் இமை ஒரு தரம் துடித்தது. அவ்வளவுதான். மறுகணம் பெருமூச்சு விட்டார்.

"ஆமா மேடம். என் தப்புதான். தினமும் சொல்லிச் சொல்லி வாயில ஊறிப்போன பேரு. நேத்து என்னை அறியாம வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரே கூச்சல். பாடத்தை நிறுத்திட்டேன். 'பயப்படாதீங்க கண்ணுங்களா, தீனா உங்களை ஒண்ணும் பண்ண மாட்டான்'னு சமாதானம் சொன்னேன். எல்லாரையும் கண்ணை மூடி அவனுக்காகப் பிரார்த்தனை பண்ணச் சொன்னேன். எனக்கே அழுகை வந்துடுச்சு மேடம்."

"பசங்க சத்தம் நல்லா கேட்டுச்சா சார்?"

"இன்னும் காதுல கேக்குது மேடம்."

மகிழினி எழுந்து ஜன்னலருகே போனாள். திரும்பாமலே பேசினாள்.

"ஒருத்தரும் கத்தல சார்."

"என்ன?"

"ஒரு குழந்தைகூட கத்தல. ஓடல. நாப்பது பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. தீனா வந்துட்டான்னு நம்பினாங்க. வாயைத் திறந்தா அவன் போயிடுவான்னு, கிளாஸ் முடியற வரைக்கும் ஒருத்தரும் பேசல."

மகிழினி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாடத்தையும் நிறுத்தல, பிரார்த்தனையும் பண்ணல. ஒளியை நடத்திக்கிட்டே போனீங்க. ஏன்னா அது நீங்க இல்ல. போன மாசம் தீனா இருந்தப்ப நீங்க எடுத்து வச்ச வீடியோ. அதை வீட்ல ஓட விட்டுட்டு, பைக்ல இங்க வந்தீங்க."

தினமும் சொன்ன வாக்கியம்... வீடியோவை ஓட்டிப் பார்த்தபோது திருமுருகனின் காதில் அது விழவே இல்லை!

"யாசின் டீ வாங்கப் போற நேரம் உங்களுக்குத் தெரியும். பைக் கையுறையைக் கழட்டாமலே அந்த ஸ்டாண்டை எடுத்திருப்பீங்க. ஏன் சார் பண்ணீங்க?"

திருமுருகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு வாரமாவே வீடியோதான் ஓட்டிட்டிருந்தேன். அஞ்சு மணிக்கு எனக்கு அண்ணா நகர்ல டியூஷன். ஆறுமுகநயினார் கண்டுபிடிச்சிட்டார். நேரலையில வாத்தியார் நேர்ல இல்லன்னா வேலை காலின்னு விதி வருது, முதல் ஆள் நீதான்னார். கால்ல விழுந்தேன் மேடம். சிரிச்சார்."

அந்த விதியை எழுதியவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாசின் இன்றிரவு வீட்டுக்குப் போவான். அது போதும். ஆனால் ராயபுரத்துச் சந்தில் ஒரு பெண் இன்னும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தீனா வரவே இல்லை என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது?

லட்சுமணன் திருமுருகனின் தோளில் கை வைத்தார்.

"கிளம்பலாமா சார்?"

திருமுருகன் பிரமை பிடித்தவராக எழுந்தார்.

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு..."

"அதான் வீடியோ இருக்கே சார்" என்றார் லட்சுமணன். "நீங்க இல்லாதது யாருக்குத் தெரியப்போவுது?"