இரண்டு கதவுள்ள வண்டி

"எனக்கு எந்த டிரெய்லரும் பார்க்க வேணாம். நான் வரலை!"

பிரென்னா தட்டைத் தள்ளிவிட்ட வேகத்தில் பான்கேக் பாதி மேசைக்குப் போயிற்று. அடுப்படியில் நின்ற அம்மா நோரீன் திரும்பிப் பார்த்தாள். பதினைந்து வயசுப் பெண். கட்டிலும் அடுப்பும் உள்ள சக்கர வீடான டிரெய்லரை பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது என்றால் ஒரு மாதம் முன்பே மூட்டை கட்டுகிறவள். இவளுக்கு என்ன வந்தது?

"எதுக்கும்மா பெரிசு? இருக்கிறதே போதும்!"

"புள்ள கேக்குறதுல தப்பென்ன?" என்றாள் நாத்தனார் லூவான், காபிக் கோப்பைக்கு மேலே கண்ணை உருட்டி. விவாகரத்துக்குப் பிறகு தம்பி டுவேன் வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். "போன கோடை பூரா புருஷன் டிரெய்லர் உள்ள, பெண்டாட்டி வெளியே பிக்கப் வண்டியில... இந்தக் குடும்பத்துக்கு இன்னும் பெரிசா ஒண்ணாம்!"

டுவேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். புருஷன் அப்படிப் போனதுதான் நோரீனுக்கு வலித்தது.

அவளுக்கு ஒரே ஆசை. இரட்டைப் பையன்கள் கோல்பியும் டஸ்டினும் இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குமுன் இன்னும் ஒரு கோடையாவது எல்லோரும் சேர்ந்து போகவேண்டும். "பழைய வண்டியில நாங்க வரணும்னா முழங்காலோட வெட்டிட்டு வரணும்மா" என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெரிய வண்டி இல்லையென்றால் பயணமே இல்லை.

"பிடிக்கலைன்னாலும் கூட வா, கண்ணு... எனக்காக" என்று கெஞ்சித்தான் பிரென்னாவை ஏற்றினாள்; லூவான் உட்பட எல்லோருமாக டிரெய்லர் கடைக்குக் கிளம்பினார்கள்.

இண்டியானாவில் டிரெய்லர் விற்கிறவனின் பல் எத்தனை தெரிகிறதோ அத்தனை லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். இவனுக்குக் கடைவாய்ப் பல்லும் தெரிந்தது. பொத்தானை அழுத்தினான்; பக்கச் சுவர் சோபாவோடு வெளியே நகர, உள்ளே கூடம் மாதிரி விரிந்தது. மின் கணப்பு, ஆளுயர டிவி!

"இப்ப அந்தச் சுவரை உள்ளே இழுங்க" என்றாள் நோரீன்.

"எதுக்கு மேடம்? பார்க்க நல்லா இருக்காதே."

"வழியில நிறுத்துறப்போ எல்லாத்தையும் விரிச்சுக்கிட்டா நிப்போம்? இழுங்க."

இழுத்தான். சோபா நேராகப் போய்க் கழிவறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. கடைவாய்ப் பற்கள் மறைந்தன. சுவரை மறுபடி அவசரமாக விரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான்.

"அவங்கவங்க இடத்துல ஒரு தடவை படுத்துப் பாருங்களேன். வாங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்க."

பழக்கம் பொல்லாதது. புது வண்டியிலும் ஆளுக்கொருவர் பழைய இடத்துக்கே போனார்கள். பையன்கள் பின்னாலிருந்த அடுக்குக் கட்டிலில் ஏறினார்கள். இதிலும் கால் ஒரு சாண் வெளியே. பிரென்னா முன்னறைக்குள். டுவேன் மேசையைத் தாழ்த்திப் படுக்கையாக்கிச் சுருண்டான். சும்மா கூட வந்த லூவான் சோபாவில் சாய்ந்தாள். நோரீன் மட்டும் பாத்திரத் தொட்டி அருகே நின்றாள்.

"நீங்க எங்க மேடம்?"

"எனக்குத்தான் வெளியே பிக்கப் இருக்கே."

டுவேன் விருட்டென்று எழுந்தான்.

"போதும் நோரீன்! கண்டவன் முன்னாடியும் சொல்லணுமா? என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு. ஒரு வருஷமா மென்னு முழுங்கிக்கிட்டிருக்கேன்!"

"பிடிக்கலையா... என்ன உளர்றே?"

முன்னறை வாசலில் பிரென்னா விம்மிக்கொண்டு நின்றாள். "அத்தை சொன்னாங்க... தனியா போய்ப் படுக்குறவ வீட்டை விட்டுப் போகத் தயாராயிட்டான்னு. எங்களைப் பெரிய வண்டியில ஏத்திட்டு நீ போயிடுவேதானேம்மா!"

நோரீன் மகளிடம் திரும்பினாள்.

"அடிப் பெண்ணே! அண்ணனுங்க பக்கத்துல திரைச்சீலைக்குப் பின்னாடி உடுப்பு மாத்த மாட்டேன்னு, பொதுக் கழிப்பறையில போய் உக்காந்து அழுதியே, மறந்துட்டியா? அந்த வண்டியில கதவு இருந்தது எங்க அறைக்கு மட்டும்தான். அதை உனக்குக் கொடுத்தேன். மேசைப் படுக்கையில ரெண்டு பேர் படுத்தா ஒருத்தர் தரையில கிடக்கணும். நான் வேற எங்கேடி போவேன்?"

"என் குறட்டை தாங்கலைன்னு சொன்னியே!" என்றான் டுவேன்.

"குறட்டையும் விடறேதான்! ஆனா நிஜத்தைச் சொன்னா நீ போய் பிக்கப்புல படுப்பே. உன் முதுகுக்கு அது ஆகுமா?"

பிரென்னா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். "நான் கேட்டிருக்கணும்மா... நான் கேட்டிருக்கணும்..." டுவேன் இருவரையும் சேர்த்து அணைத்தான். பையன்கள் கட்டிலிலிருந்து இறங்கத் தெரியாமல் மூக்கை உறிஞ்சினார்கள்.

சோபாவில் லூவான் எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரல் தணிந்து யாரும் கேட்டதில்லை. "நான் அப்படித்தான் ஒரு வருஷம் தனியா படுத்துட்டுக் கிளம்பி வந்தேன், நோரீன். என் கதையை உன் மேல ஏத்திட்டேன்... மன்னிச்சுடு."

"எனக்கும் வாய் இருந்துச்சே லூவான், நான்தான் திறக்கலை" என்றாள் நோரீன், அவள் கையைப் பற்றி.

பிரென்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு விற்பனையாளனிடம் திரும்பினாள். "இது வேணாம். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு அறைக்கும் கதவு இருக்கிற வண்டி எது?"

"ஒண்ணு இருக்கு... ஆனா அதுல டிவி, கணப்பு எதுவும் கிடையாது."

"நடுவுல எங்க காலை நீட்ட முடியுமா?" என்றான் கோல்பி.

"சோபாவும் நீளம், மேசைப் படுக்கையும் நீளம்."

"சுவரை இழுத்தா கழிவறை திறக்குமா?" இது லூவான்.

அந்த வண்டிக்கே கூட்டிப்போய் இழுத்துக் காட்டினான். திறந்தது.

பின்னறை பிரென்னாவுக்கு, நடுவில் பையன்கள். முன்னறையில் டுவேன் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து இடம்விட்டான். நோரீன் செருப்பைக் கழற்றினாள். அவன் பக்கத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடினாள்.

"மேடம், விலை விஷயம்..." என்று எட்டிப் பார்த்தான் விற்பனையாளன்.

பிரென்னா குறுக்கே வந்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்க. எங்கம்மா படுத்துப் பார்த்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லி, கதவை மெல்லச் சாத்தினாள்.