ஆறாம் தளத்துக் களம்

சற்றுமுன் போட்டு மட்டம் வழித்த ஆறாம் தளத்துக் கான்கிரீட்டில் ஒன்பது சால்கள் விழுந்திருந்தன.

"நாய் ஓடியிருக்கும் மேடம்," என்றார் சைட் இன்ஜினியர் புகழேந்தி.

"ஆறு மாடி ஏறி வந்து, கோடு கிழிச்ச மாதிரி ஓடிட்டுப் போச்சாக்கும்?"

அவர் கீழே இறங்கிவிட்டார். கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் செம்மொழி அங்கேயே நின்றாள். ஈர சிமெண்ட் மணக்க வேண்டிய உச்சிவெயிலில் அவித்த நெல்லின் புளித்த வாடை எழுந்து தொண்டைவரை இறங்க, எங்கோ மிக அருகில் வெறுங்கால்கள் நெல்லை அளைந்து போகும் சரசரப்பு நின்றது, திரும்பியது, மறுபடி தொடங்கியது. அரிசி ஆலைக் களத்தில் நெல் காய்வதற்காக அதைக் கிளறியபடி காலை இழுத்து இழுத்து நடந்த அம்மாவின் பின்னால் விழுந்த சால்கள்தாம் இவை.

இதே இடத்தில்தான் ஆலையின் பாய்லர் வெடித்து, அம்மாவோடு வேலை பார்த்த ஒன்பது பெண்கள் வெந்து செத்தார்கள். தஞ்சாவூரின் பழைய ஆலைகளை இடித்து எழும் இந்தப் பதினான்கு மாடியை வரைந்தபோது, முகப்பில் அவர்கள் பெயர் பொறித்த கல் ஒன்றை வைத்திருந்தாள். ஆலை முதலாளியின் மகன் அரசப்பன்தான் இப்போது பில்டர். கல்லை எடுக்கச் சொன்னார். வரைபடத்திலிருந்து எடுத்தாள். அந்த வெட்கமே கோபமாகி மூன்று மாதமாய் நெஞ்சில் கனன்றது.

அரசப்பன் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்னம்மா, புது பிளான்ல கையெழுத்துப் போட்டாச்சா?"

"கல் இல்லாம போடமாட்டேன் சார்."

"வீடு வாங்க வர்றவன் வாசல்லயே சாவு லிஸ்ட்டப் படிக்கணுமா? நல்ல கூத்தும்மா!"

சிரித்தபடி, அந்தக் கோடுகளைக் காலால் அழிக்க ஈரத்தில் இறங்கினார்.

கால் எழவில்லை. இழுத்தார். செருப்பு பின்னால் தங்கிவிட்டது. கைப்பிடிச் சுவரில்லாத விளிம்புவரை போனார். திரும்பினார். வாய் இன்னும் சிரித்தது. கண்கள் அலறின.

கான்கிரீட்டிலிருந்து ஆவி.

"பிடிம்மா... காலு வேகுது..."

கை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை.

பாதத்தோல் வழன்று சாலோடு கிடந்தது.

"கல்ல வச்சிடறேம்மா. ஒம்போது பேரும். சத்தியமா."

கேட்டது கிடைத்துவிட்டது. கோபம் தணியவில்லை.

"இன்னும் காயல," என்றாள். அவளுடைய சொந்தக் குரல்தான். "கிளறு."

அரசப்பன் திரும்பினார். வெள்ளையாய்த் தெரிந்த குதிகால் எலும்பை இழுத்துக்கொண்டு, அடுத்த வரிசையில் இறங்கினார்.